கதவில்லாத மடை

ஐப்பசி 4, செவ்வாய்

என் பெயர் உய்க்காட்டான். எழுபத்து மூன்று வருஷமாக இந்தப் பெயரைப் பிறர் வாயில் கேட்டிருக்கிறேன். இன்றுதான் ஒரு பக்கத்தின் தலையில் என் கையால் எழுதிப் பார்க்கிறேன். நல்ல பெயர்தான்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் பிரேமா டீச்சர், தினமும் வீட்டில் ஏதாவது எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாள். “என்னத்தை எழுத?” என்று கேட்டேன். “கோவம் வந்தா கோவத்தை எழுதுங்க தாத்தா. ஆச்சிக்குக் காதாவது மிஞ்சும்” என்றாள். வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்சில் இருந்த என் மனைவி முப்பிடாதி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அப்படியானால் எனக்கு எழுதப் பஞ்சமே வராது.

இன்றைய கோபம் அணையின் மேல். எங்கள் மேலக்குறிச்சானை ஒட்டி ஓடையை மறித்து ஒரு மண் அணை நிற்கிறது. நீளமான கரை. நடுவில், அடியில், ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு மடை. அந்த மடைக்குக் கதவே கிடையாது. மழை பெய்தால் வெள்ளம் கரையில் முட்டி நிற்கும். மடை வழியாக அளவாக இறங்கி, இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். கீழே இருக்கிற ஊர்களை வெள்ளம் அடிக்காமல் இருக்கக் கட்டியதாம். தேக்கி வைக்க இல்லையாம். நேற்றுப் பெய்த மழை முழுவதும் இன்று என் கண் முன்னால் கடலுக்குப் போகிறது. எங்கள் கிணறுகளில் வாளி தரையைத் தட்டுகிறது. கதவில்லாமல் மடை கட்டிய புத்திசாலி எந்த ஊர்க்காரன்?

ஐப்பசி 6, வியாழன்

என் மகன் பால்துரை கேட்டுவிட்டான் அந்தக் கேள்வியை. கையால் கேட்டான். அவன்தான் ஊர் விவசாயிகள் சங்கத்துத் தலைவன். பழைய லாரியின் பின்கதவு ஒன்றை மடை வாயில் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் மண் மூட்டைகளை அடுக்கி, ஒரே பகலில் அடைத்துவிட்டான். கோடையில் இழுத்து எடுக்க வேண்டுமே என்று லாரிக் கதவில் கம்பிக் கயிறு கட்டி, மேட்டில் இருக்கிற பாறையில் சுற்றி வைத்திருக்கிறான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

எனக்கு வேறு ஒரு சந்தோஷம். நாற்பது வருஷம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். மூட்டையில் எழுதியிருந்ததை என் முதுகுதான் பார்த்தது, கண் பார்த்ததில்லை. இன்று ஓரமாக நின்று, போகிற மூட்டையை எல்லாம் வாசித்தேன். யூரியா. கோழித் தீவனம். பொன்னி பச்சரிசி. யூரியா.

“யப்பா, மூட்டைய வாசிக்கீங்களா, ஏலம் போடுதீங்களா?” என்றான் பால்துரை.

“நீ அடுக்குலே. எழுத்து தலைகீழா இருந்தா எனக்கு வாசிக்க வரலை, நேரா வை” என்றேன்.

ஐப்பசி 8, சனி

மழை. தண்ணீர் நிற்கிறது. கரைமேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட மறந்துவிட்டேன், பசிக்கவும் இல்லை.

ஐப்பசி 11, செவ்வாய்

அணையைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினாள். பெயர் மெர்லின். வந்த உடனே கரைமேல் சண்டை.

“இது குளம் இல்லீங்க. வெள்ளத்தை வாங்கி மெதுவா விடுறதுக்குக் கட்டின கரை. வருஷக்கணக்கா காஞ்சு கிடக்கு, உள்ள வெடிப்பு இருக்கும். நாள்கணக்கா தண்ணி நின்னா தாங்காது.”

“தாங்காட்டி நாங்க தாங்கிக்கிடுதோம் மேடம்” என்றான் பால்துரை.

“அடுத்த மழையை எங்க வாங்குறது? நிறைஞ்ச பானையில இன்னொரு பானையை ஊத்துவீங்களா?”

“உங்களுக்குக் குழாயைத் திருகுனா தண்ணி வரும். எங்க வீட்டுப் பொம்பளைங்க வானத்தைல்லா திருகணும்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நன்றாகத்தானே சொன்னான்!

அவள் முகம் சிவந்துபோய் இறங்கி வந்தாள். கரைச் சரிவில் உட்கார்ந்திருந்த என் அருகில் நின்றாள்.

“அய்யா, தினமும் இங்க வருவீங்களா?”

“என் ஊரு, என் கரை. வராம?”

“அப்ப ஒண்ணு செய்ங்க. கரைக்கு வெளிப்பக்கம், அடியில எங்கயாவது கசிஞ்சா பாருங்க. தெளிஞ்ச தண்ணியா வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். அப்ப போனுக்கெல்லாம் நிக்காதீங்க, கீழ இருக்கிறவங்களைக் கிளப்புங்க.”

ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். பிறகு கிழக்கே கையை நீட்டினாள். “கீழக்குறிச்சான்ல, ஓடைக்குள்ளயே ஒரு பச்சை வீடு தெரியுதே. யார் வீடு அது?”

“எவன் வீடோ” என்றேன்.

அந்தப் பக்கம் நான் போய் மூன்று வருஷம் இருக்கும். முட்டி வலி. கரை ஏறுவதற்கு இந்த வலி இல்லை. அது வேறு மாதிரி வலி.

ஐப்பசி 15, சனி

முப்பிடாதி ஓடி வந்தாள். கரையின் வெளிப்பக்க அடியில் ஊற்று வந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். வறண்ட மண்ணில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. கண்ணாடி மாதிரி இருந்தது. குடித்தேன். இனித்தது.

பெண்கள் சும்மா இருப்பார்களா? சுற்றிக் கல் வைத்து, வேப்பிலை சொருகி, மஞ்சள் கரைத்து ஊற்றி, குலவை போட்டுவிட்டார்கள். கரையடி அம்மன் என்று பெயரும் வைத்தாயிற்று. குடம் குடமாகத் தீர்த்தம் வீட்டுக்குப் போகிறது. முப்பிடாதிதான் பூசாரி. ஏற்கெனவே கோயில் கொடைவிழாவில் சாமியாடுகிறவள். கேட்க வேண்டுமா?

எனக்கு மெர்லின் சொன்னது நினைவு வந்தது. சீட்டைப் பார்த்து நானே ஒவ்வொரு எண்ணாக வாசித்து அழுத்தினேன். மணி அடித்தது! யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

“தெளிவா இருக்கா அய்யா?” என்றாள் மெர்லின்.

“தெளிவாத்தான் இருக்கு. ஆனா மஞ்ச ஊத்திட்டாளுவ.”

“மஞ்சளை நிறுத்தச் சொல்லுங்க” என்றாள்.

ஐப்பசி 17, திங்கள்

மெர்லின் லாரியில் சல்லிக் கல்லும் மணலும் கொண்டுவந்தாள். ஊற்றின்மேல் முதலில் மணல், அதன்மேல் சல்லி என்று பரப்பினால் தண்ணீர் மட்டும் வெளியே வருமாம், கரை மண் வராதாம். வேலையாட்கள் கூடையைத் தூக்குவதற்குள் பெண்கள் சுற்றிப் படுத்துவிட்டார்கள்.

“அம்மன் தலையில சல்லியக் கொட்டுவியாட்டி நீ?”

“வேதக்காரப் பிள்ளைக்கு நம்ம அம்மனைப் பத்தி என்ன தெரியும்?”

கூட வந்த போலீஸ்காரர் ஊற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று மெர்லினும் போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்கு எல்லோர் மேலும் கோபம். சுற்றிப் படுத்த பெண்கள் மேல். போலீஸ்காரர் மேல். கரைமேல் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்ற பால்துரை மேல். இதை மூன்று தடவை அடிக்கோடு போடுகிறேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்பதால் பக்கத்து ஊர்ப் பெண்களும் வந்துவிட்டார்கள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஊற்று பெரிதாகியிருக்கிறது. அது அம்மனின் அருளாம்.

ஒரு பாட்டிலில் பிடித்து வந்து வீட்டில் வைத்தேன். அடியில் தங்கியது. மஞ்சளும் அடியில் தங்கும், மண்ணும் அடியில் தங்கும். இதில் எது எது என்று நான் எப்படிச் சொல்ல?

“ஒரே ஒரு நாள் மஞ்ச ஊத்தாதீங்கட்டி. தண்ணி கலங்கியிருக்கா, மஞ்ச கலந்திருக்கான்னு பாத்துருவோம்” என்றேன் முப்பிடாதியிடம்.

“உம்ம பேச்சு நல்லாத்தான் இருக்கு. அம்மனைச் சோதிக்கணும்ங்கீரு.”

“அம்மனை இல்லட்டி, கரையை.”

“எழுதப் படிச்சதும் கொம்பு மொளைச்சிட்டு” என்று சொல்லிவிட்டு, மஞ்சள் டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பால்துரையிடம் போனேன். கேட்டுவிட்டு, “யப்பா, உங்களுக்கு வயசாயிட்டு” என்றான். அவ்வளவுதான் அவன் பதில். சங்கத் தலைவனாம்!

ஐப்பசி 19, புதன்

பெருமழை வருகிறது என்று டிவியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கீழக்குறிச்சானுக்குப் போனேன். முட்டி வலிக்கவில்லை.

பச்சை வீடு என் மகள் செண்பகத்தின் வீடு. அணை வந்த பிறகு ஓடையில் பெரிய தண்ணீர் வராததால், கீழக்குறிச்சான்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குள் இறங்கினார்கள். முதலில் மாட்டுத்தொழுவம், அப்புறம் களம், அப்புறம் வீடு. செண்பகமும் மருமகனும் அதில் கட்டியபோது, ஓடையில் கட்டின வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மிதிக்கவும் இல்லை. மருமகன் கேரளாவில் கொத்தனார் வேலை. அவளும் இரண்டு பிள்ளைகளும்தான் இங்கே.

இன்றும் வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினேன்.

“வழி தெரிஞ்சுதாக்கும் இப்ப?” என்றாள்.

“பிள்ளையளக் கூட்டிட்டு மேல வந்துரு. கரை சரியில்லை.”

“அண்ணன் மடையை அடைச்ச பெறவு ஓடையில ஒரு சொட்டு வரலை. இந்த மூணு வருஷத்துல இப்பத்தான் நான் நிம்மதியா ஒறங்குதேன்.”

“அடைச்சதுதான் தப்பு. மடையைத் தொறந்தா இத்தனை நாள் தேங்குனது மொத்தமா எறங்கி உன் வீடு போவும். தொறக்காட்டி கரை போவும், அப்ப நீயும் போவ.”

அவள் என்னையே பார்த்தாள். “வீடு பால் காய்ச்சுனப்ப வரலை. ரெண்டாவது பிள்ளை பொறந்தப்ப வரலை. இப்ப வந்து, உன் வீடு முங்கட்டும்ங்கீங்க. நீங்க போங்க யப்பா.”

கதவைச் சாத்திவிட்டாள். நானும் கத்திவிட்டுத்தான் வந்தேன். என்ன கத்தினேன் என்பதை எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை முப்பிடாதியிடம் சொன்னேன். கரை ஏன் தாங்காது, கலங்கின தண்ணீர் வந்தால் என்ன அர்த்தம் என்று மெர்லின் சொன்னதையும் முதலிலிருந்து சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு யார் ஜாடை என்று மட்டும் கேட்டாள். என் பேச்சுக்காக அவளும் அந்தப் பக்கம் போனதில்லை. நான் உள்ளே போகவில்லை, பார்க்கவில்லை என்றேன்.

ஐப்பசி 20, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. முப்பிடாதி இன்று முழுவதும் என்னைத் திட்டவே இல்லை. பயமாக இருக்கிறது.

ஐப்பசி 21, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் மழையிலேயே ஊற்றைச் சுற்றிக் கூட்டம். வெள்ளிக்கிழமைப் பொங்கல். ஒருத்தி மஞ்சள் செம்பைக் கவிழ்க்கப் போனாள். முப்பிடாதி அவள் கையைத் தட்டிவிட்டாள். தலையை ஒரு சுற்றுச் சுற்றி, முடியை அவிழ்த்துப் போட்டாள்.

“போதும்டி மஞ்ச! கண்ணு எரியுது எனக்கு!”

குலவை நின்றுபோயிற்று. ஆடுகிறாள். அறுபத்தெட்டு வயசுக்காரி, நடந்தால் இடுப்பைப் பிடிக்கிறவள், சேற்றில் குதித்துக் குதித்து ஆடுகிறாள்.

“என்னைய அடைச்சு வச்சுட்டு எனக்கே பொங்கலாலே? மூச்சு முட்டுதுலே எனக்கு! எங்கலே பால்துரை?”

என் மகன் முன்னால் வந்தான்.

“தொறலே மடையை!”

பொறியாளர் சொன்னபோது கை தட்டு வாங்கியவன், நான் சொன்னபோது வயசாயிட்டு என்றவன், சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தொறக்கேன் தாயே, தொறந்துருதேன்.”

“மொதல்ல கீழ இருக்க எம்பிள்ளையள மேடேத்து! ஒரு பிள்ளை கால் நனைஞ்சாலும் உன் வம்சத்தைக் கேப்பேன்!”

அதற்குள் மழை ஊற்றுக் குழியைக் கழுவிவிட்டது. புது மஞ்சள் விழவில்லை. தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கையை விட்டேன். விரல் இடுக்கில் மண். மேலே பார்த்தால் கரையில் ஒரு மாடு படுக்கிற அளவுக்கு இடம் உள்வாங்கியிருந்தது. மெர்லின் போனுக்கு நிற்காதே என்று சொன்னது நினைவு இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிவரப் பையன்கள் ஓடிய பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன்.

கீழக்குறிச்சான் ஓடைக்காரர்கள் எல்லோரையும் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். செண்பகம் வர மாட்டேன் என்று வாசற்காலைப் பிடித்துக்கொண்டாளாம். அம்மன் கூப்பிடுகிறாள் என்றதும் விட்டுவிட்டாளாம். மெர்லின் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். “கரை மேல வண்டி ஏறக்கூடாது! மேட்டுல நிறுத்தி இழுங்க!” என்று கத்தினாள். இரண்டு டிராக்டர் சேர்ந்து கம்பிக் கயிற்றை இழுத்தன. லாரிக் கதவு வளைந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்போது மடை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மெர்லின் முன்பு இறக்கிப் போட்டிருந்த மணலையும் சல்லியையும் ஊற்றின்மேல் கொட்டியவர்கள் யார்? அன்று சுற்றிப் படுத்த அதே பெண்கள். அம்மன் தலையில் கூடை கூடையாகக் கொட்டினார்கள்.

மதியத்துக்குள் ஓடை நிறைந்துவிட்டது. பச்சை வீடு முதலில் உட்கார்ந்தது, பிறகு படுத்தது. கரைமேட்டில் செண்பகம் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். இன்னொரு கையில் குக்கர் இருந்தது.

அணை நின்றுவிட்டது.

ஐப்பசி 25, செவ்வாய்

தண்ணீர் வடிகிறது. ஊற்றும் சுருங்கிவிட்டது. மேலதிகாரிகள் வந்து, சரியான நேரத்தில் மடையைத் திறந்த சங்கத் தலைவர் பால்துரையின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அடைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெர்லின் ஓரமாக நின்று கரை உள்வாங்கிய இடத்தில் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

முப்பிடாதியிடம் கேட்டேன். “அன்னைக்கு வந்தது யாருட்டி? நெசமாவே அவளா?”

“வகுப்புக்கு நேரமாவுது. கெளம்பும்” என்றாள்.

கார்த்திகை 2, செவ்வாய்

செண்பகம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் என் பேனாவைப் பிடுங்குகிறார்கள். சின்னவன் என் ஜாடை. மூக்கு அப்படியே.

அவள் என்னோடு பேசுவதில்லை. இன்று சோறு வைக்கும்போது பேசினாள்.

“வீடு போவும்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும். சொன்னேம்லா.”

“சொன்னீங்க. வாசலுக்கு வெளியே நின்னு சொன்னீங்க. நாப்பது வருஷம் ஊரான் மூட்டையத் தூக்குன ஆளு, உள்ள வந்து ஒரு பெட்டியத் தூக்கிக் குடுத்திருந்தா நான் அன்னைக்கே பின்னால வந்திருப்பேன்.”

ரசத்தில் உப்பு அதிகம்.

கார்த்திகை 5, வெள்ளி

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. மடைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஈரமாக இருக்கிறது. வெளிச்சம் இரண்டு பக்கமும் வருகிறது, எழுதப் போதும்.

காலையில் பால்துரை மறுபடியும் மடையை அடைக்க மண் மூட்டை கட்டினான். அணை காலியாகிவிட்டது, எல்லாம் கடலுக்குப் போய்விட்டது, அடுத்த மழையையாவது பிடிக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவாம். நான் கத்தவில்லை. கத்தி என்ன கண்டேன்? நேராக வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

“யப்பா, வெளிய வாங்க.”

“எழுதிக்கிட்டிருக்கேன்லே.”

“வீட்டுல போயி எழுதுங்க.”

“இங்கதான் நல்ல காத்து வருது.”

“முழுசா அடைக்கலைப்பா, பாதிதான். அடைக்காதன்னுதான் அம்மன் சொன்னா. பாதி அடைக்கக் கூடாதுன்னு சொல்லலைல்லா?”

வெளியே இருந்த பயல்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். இவர்களை எல்லாம் என்ன செய்ய? அம்மனிடமே பேரம் பேசுகிறவர்களிடம் மெர்லின் என்ன பேச முடியும்?

“வைலே மூட்டைய” என்றேன். “என்னைய உள்ள வச்சு அடை. பாதியா அடை, தலை வெளிய தெரியும்.”

அப்போது மடையின் இன்னொரு வாய் இருண்டது. செண்பகம். குனிந்து உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், எனக்கு முதுகு காட்டிக் கீழ்ப்பக்க வாயைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முதுகு என் முதுகில் பட்டது.

“அண்ணே, ரெண்டு மூட்டையா கொண்டா” என்றாள். “அப்பாவுக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம்.”

பால்துரை தோளில் மூட்டையோடு நிற்கிறான். கோழித் தீவனம் என்று எழுதியிருக்கிறது. கனமான மூட்டை, அவனுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. இறக்கவும் மாட்டேன் என்கிறான், கொண்டுவரவும் மாட்டேன் என்கிறான். வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

இப்போது கேட்கிறான். “எழுதி முடிச்சதும் வந்துருவீங்களா?”

“முடிச்சதும் வந்துருதேன்” என்றேன்.

நான் மெதுவாகத்தான் எழுதுவேன்.